அயர்லாந்தின் எரிந்த ஏடுகளும் எஞ்சிய தாள்களும்

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவார்க்கு ஆதாரமாகும் எழுத்துகள் இருவகைப்படும். அரசாங்கமும் நீதிமன்றமும் திருச்சபையும் பின்வருவோர்க்குப் பயன்படுமென்று கருதி முறைப்படி எழுதிப் பேணிவைக்கும் ஆவணங்கள் ஒருவகை. சந்தையில் விற்ற பாட்டுத்தாள், சுவரில் ஒட்டிய விளம்பரம், உதவி வேண்டி ஏழையொருவன் எழுதிய விண்ணப்பம், நாடகக் கொட்டகையின் அறிவிப்பு, கடைச்சீட்டு என்று இன்னோரன்னவை மற்றொரு வகை. இவை அன்றைப் பொழுதின் தேவைக்கே பிறந்தவை. தேவை தீர்ந்தவுடன் அடுப்பிற்கோ குப்பைக்கோ போவன. இவற்றை இக்கட்டுரையில் உதிரித்தாள்கள் என்று குறிப்பாம். முன்னவை நிலைப்பன, பின்னவை அழிவன என்பதே உலக வழக்கு. அவ்வழக்குத் தலைகீழாய் மாறிய நாடொன்று உண்டு. அஃது அயர்லாந்து. அந்நாட்டில் அரசாங்கம் அரணமைத்துக் காத்தவை ஒரு நாளில் எரிந்துபோயின; எவரும் பொருட்படுத்தாத தாள்கள் பல இன்றும் இருக்கின்றன. அவ்வரலாற்றை ஒருவாறு எடுத்துக் கூறுவதே எமது கருத்து.

டப்ளின் மாநகரில் லிபீ ஆற்றின் வடகரையில், நான்கு நீதிமன்றம் எனப் பெயரிய பெருங்கட்டடம் ஒன்று உண்டு. ஜேம்ஸ் காண்டன் என்னும் சிற்பி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தது. அதன் வளாகத்தின் ஒரு மூலையிலேயே அயர்லாந்தின் பொது ஆவணச்சாலை அமைந்திருந்தது. 1867-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றினால் இச்சாலை தோன்றிற்று. அதற்கு முன்னர் அந்நாட்டு ஏடுகள் கோபுரங்களிலும் நிலவறைகளிலும் அலுவலகங்களின் மூலைகளிலும் ஈரத்திற்கும் எலிக்கும் இரையாகிக் கிடந்தன. அவற்றையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்து, வரிசைப்படுத்தி, கற்றோர் எளிதிற் காணுமாறு செய்தல் வேண்டுமென்பதே சட்டத்தின் நோக்கம். நல்ல நோக்கமென்பதில் ஐயமில்லை. எனினும் ஓரிடத்தில் தொகுத்தல் என்பதே பின்னர் நேர்ந்த பெருங்கேட்டிற்கு வழி வகுத்தது.

கட்டடத்தை அமைத்தோர் தீயைக் குறித்து மிகவும் சிந்தித்தவரே. எழுத்தர்கள் அமரும் இடமும் வாசிப்போர் கூடமும் அடங்கிய முன்வீடு ஒன்று. ஏடுகளை அடுக்கிய ஆறு தளங்கொண்ட களஞ்சியம் மற்றொன்று. இரண்டிற்கும் இடையே வெற்றிடம் விட்டனர். விளக்கும் கணப்பும் உள்ள முன்வீட்டில் தீப்பற்றினும் அது களஞ்சியத்திற்குத் தாவலாகாது என்பது அவர் எண்ணம். களஞ்சியத்திலிருந்தே தீ புறப்படும் என்று எவர் எண்ணியிருப்பார்? இறுதியில் அவ்வெற்றிடம் காத்தது முன்வீட்டையே. வாசிப்போர் பொருட்டுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவந்து முன்வீட்டில் வைத்திருந்த சில ஏடுகள் மட்டும் பிழைத்தன.

களஞ்சியத்தில் இருந்தவற்றை நாம் அறிவதற்குக் காரணமாயிருப்பது ஒரு நூல். அவ்வாவணச்சாலையின் துணைக்காப்பாளராயிருந்த ஹெர்பர்ட் வுட் என்பார், அங்குள்ள ஏடுகளுக்கு வழிகாட்டியாக ஒரு நூலை 1919-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளின் ஆட்சிச் சுருள்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், மரண சாசனங்கள், நிலப்பத்திரங்கள், குடிக்கணக்குகள், தேவாலயப் பதிவேடுகள் ஆகியவற்றை அந்நூல் வகைப்படுத்திக் கூறுகின்றது. மூன்றே ஆண்டுகளில் அது வழிகாட்டி என்னும் நிலை மாறி, இழந்தவற்றின் பட்டியல் ஆயிற்று.

அந்த மூன்று ஆண்டுகளில் நடந்தனவற்றைச் சுருங்கச் சொல்வாம். ஆங்கில ஆட்சிக்கு எதிரான போர் ஓய்ந்து, 1921-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 6-ஆம் தேதி இலண்டனில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வுடன்படிக்கை போதுமென்பார் ஒரு பக்கமும், முழுக் குடியரசே வேண்டுமென்பார் மற்றொரு பக்கமுமாக, நேற்றுவரை தோளோடு தோள் நின்ற தோழர்கள் இரு கட்சியாயினர். 1922-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உடன்படிக்கையை எதிர்த்த படையினர் நான்கு நீதிமன்றத்தைக் கைப்பற்றி அரண் செய்துகொண்டனர். களஞ்சியம் வெடிமருந்துச் சாலையாயிற்று. ஜூன் மாதம் 28-ஆம் தேதி புதிய அரசாங்கத்தின் படை, ஆங்கிலேயரிடம் இரவல் வாங்கிய பீரங்கிகளைக் கொண்டு சுடத் தொடங்கிற்று. 30-ஆம் தேதி நண்பகலையொட்டி டப்ளின் நகரமே அதிரும்படி பெருவெடி ஒன்று எழுந்தது. களஞ்சியத்தின் கூரை பறந்தது. எரிந்தும் எரியாமலும் இருந்த தாள்கள் கரும்புகைத் தூணோடு வானிலே ஏறி, காற்றில் அலைந்து, நகரத் தெருக்களிலும் தோட்டங்களிலும் விழுந்தன. பல மைல் தொலைவிலுள்ள ஹௌத் என்னும் கடற்கரையூர் வரை அவை சென்றனவாம்.

கண்ணிவெடி வைத்து வேண்டுமென்றே தகர்த்தனர் என்று அரசாங்கத்தார் குற்றஞ்சாட்டினர். உள்ளிருந்தோர் அதனை மறுத்து, பீரங்கிக் குண்டினால் மூண்ட தீயே மருந்தைப் பற்றியது என்றனர். இவ்வழக்கு இன்னும் ஆராய்வாரிடையே முற்றத் தீரவில்லை. எமக்குத் தோன்றுவது இதுவே: ஏட்டுக் களஞ்சியத்திலே வெடிமருந்தைக் கொண்டுவந்து வைத்தவரும், வெடிமருந்து நிறைந்த ஏட்டுக் களஞ்சியத்தின்மேற் குண்டெறிந்தவரும் பொறுப்பினின்று நீங்குதல் அரிது. இரு திறத்தாரும் தம் நாட்டின் பெயராலேயே போரிட்டனர். எரிந்ததோ அந்நாட்டின் நினைவு.

இழந்தவற்றுள் பெரிதென்று மன்னரின் சுருள்களைக் கூறுவாரும் உளர். எம்மை வருத்துவன குடிக்கணக்கேடுகளே. 1821-ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுக்கொருமுறை அயர்லாந்தில் குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. 1821-ஆம் ஆண்டின் கணக்கில் வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரின் பெயர், வயது, உறவு, தொழில், உழும் நிலத்தின் அளவு, வீட்டின் மாடிகள் எத்தனை என்பன வரை எழுதியிருந்தனர். 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு கணக்குகளின் மூல ஏடுகளும், சிற்சில பகுதிகள் நீங்கலாக, அன்று எரிந்தன. இவற்றுள் 1841-க்கும் 1851-க்கும் இடையேதான் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, அதனையே நம்பியிருந்த ஏழை மக்களைக் கொன்ற பெரும்பஞ்சம் நிகழ்ந்தது. முன்னைக் கணக்கில் ஏறக்குறைய 82 இலட்சமாயிருந்த மக்கள் பின்னைக் கணக்கில் ஏறக்குறைய 65½ இலட்சமாயினர். இத்தொகைகள் அக்காலத்திலேயே அச்சேறிவிட்டமையால் நமக்குக் கிடைக்கின்றன. ஆனால் முன்னைக் கணக்கில் இருந்து பின்னைக் கணக்கில் இல்லாதுபோன அந்த மனிதர் யாவர், எவ்வூரார், எந்தத் தாய்க்கு எத்தனையாவது குழந்தை என்பனவெல்லாம் ஏட்டோடு போயின. எண் நின்றது, பெயர் அழிந்தது.

ஏனைய கணக்குகள் எங்கே என்று வாசகர் வினவலாம். அவை தீக்கு முன்னரே போயின. 1861, 1871 ஆகிய ஆண்டுகளின் மூல ஏடுகளை, தொகை எடுத்தபின் வேண்டாவென்று அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 ஆகிய ஆண்டுகளின் ஏடுகள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டால் கூழாக்கப்பட்டன. எனவே பழியெல்லாம் தீயின்மேல் மட்டும் சுமத்துதல் நியாயமன்று. மேசைமேல் இட்ட கையெழுத்தும் பீரங்கிக்குச் சமமான வேலையைச் செய்திருக்கின்றது. முழுமையாக எஞ்சியவற்றுள் முந்தியவை 1901, 1911 ஆகிய இரண்டே.

இங்கே தமிழ் கற்கும் மாணாக்கராகிய எமக்கு ஒரு நினைவு எழுகின்றது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயர், 1814-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் ஆன்றிம் மாவட்டத்தில் கிளேடி என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1821-ஆம் ஆண்டில் கணக்கெழுதுவோர் வீடுவீடாகச் சென்றபோது அவர் ஏழு வயதுச் சிறுவர். அவ்வேட்டில் அவர் பெயரும் எழுதப்பட்டிருத்தல் கூடும். ஆனால் அவ்வாண்டுக் கணக்கில் எஞ்சிய துணுக்குகளுள் ஆன்றிம் மாவட்டத்துப் பகுதி இல்லை.

அடுத்துக் கூறவேண்டுவது தேவாலயப் பதிவேடுகளைப் பற்றி. கிறிஸ்தவச் சபையில் வளர்ந்தார் எவர்க்கும் இப்பகுதி மனத்தைத் தொடாமற் போகாது. அயர்லாந்தில் அரசாங்கச் சபையாக இருந்தது, ஆங்கிலத் திருச்சபையோடு ஒன்றிய அயர்லாந்துத் திருச்சபை. மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர்; எனினும் நெடுங்காலம் அவர்களும் இச்சபைக்குத் தசமபாகம் செலுத்தவேண்டியிருந்தது. அத்தசமபாகக் கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றைக் காணும்போது பெருமைப்பட ஒன்றுமில்லை. 1869-ஆம் ஆண்டின் சட்டத்தால் அச்சபை அரசாங்கச் சபை என்னும் தகுதியை இழந்தது. பின்னர், அதன் பழைய ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளெல்லாம் அரசாங்கத்தின் உடைமை என்றும், அவை டப்ளின் ஆவணச்சாலையில் ஒப்புவிக்கப்பட வேண்டும் என்றும் சட்டம் வந்தது. பாதுகாப்பான அலமாரி உண்டென்று காட்டிய குருமார் மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்ள அனுமதி பெற்றனர். ஏறக்குறைய 1,000 சபைகளின் ஏடுகள் டப்ளினுக்குச் சென்றன. அவற்றுள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே பிழைத்தன. அனுமதி கேட்டுத் தம் கோயிலிலேயே வைத்துக்கொண்ட குருமாரின் ஏடுகள் தப்பின. அனுப்புமுன் நகல் எடுத்து வைத்துக்கொண்ட சிலரும் உளர். அவர்கள் விடாமுயற்சியால் அச்சபைகளின் முன்னோர் பெயர்கள் நிலைத்தன. கத்தோலிக்கரின் பதிவேடுகளோ அரசாங்கத்தால் ஒருநாளும் மதித்துக் கேட்கப்படாதவை. அக்காரணத்தினாலேயே அவை சிதறிய ஊர்க்கோயில்களில் தங்கித் தீக்குத் தப்பின. பின்னர் அயர்லாந்தின் தேசிய நூல்நிலையத்தார் அவற்றைப் படம்பிடித்து, 2015-ஆம் ஆண்டில் இணையவழியே எவரும் விலையின்றிக் காணுமாறு செய்தனர்.

இனி உதிரித்தாள்களுக்கு வருவாம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே இவற்றுள் ஒருவகையாகும்.

1908-ஆம் ஆண்டில் முதியோர்க்கு உதவிப்பணம் அளிக்கும் சட்டம் நிறைவேறிற்று. 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரத்திற்கு ஐந்து ஷில்லிங் வரை கிடைக்கும். 1909-ஆம் ஆண்டு ஜனவரி முதல் பணம் வழங்கத் தொடங்கினர். வயது எழுபதென்று எங்ஙனம் மெய்ப்பிப்பது? அயர்லாந்தில் பிறப்புகளை அரசாங்கம் பதியத் தொடங்கியது 1864-ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன் பிறந்த கிழவர்க்குச் சான்று ஏது? 1839-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் தேதி இரவு அந்நாட்டில் பெருங்காற்றொன்று அடித்து வீடுகளை வீழ்த்தியது. அவ்விரவு தமக்கு நன்றாய் நினைவிருக்கிறதென்று முதியோர் பலர் அதிகாரிகளிடம் கூறினர். அவர்களுள் எத்தனை பேர் மெய்யாகவே கண்டவர், எத்தனை பேர் ஐந்து ஷில்லிங்கின் பொருட்டு நினைவுகூர்ந்தவர் என்பதைக் கடவுளே அறிவார்!

காற்றினும் உறுதியான சான்று ஒன்று இருந்தது. அதுவே 1841, 1851 ஆண்டுகளின் குடிக்கணக்கு. விண்ணப்பக்காரர் தம் பெயர், தந்தை தாயர் பெயர், சிறுபருவத்தில் வாழ்ந்த ஊர் ஆகியவற்றைக் கூறினால், அவற்றைப் படிவத்தில் எழுதி ஆவணச்சாலைக்கு அனுப்புவர். அங்குள்ள எழுத்தர் ஏட்டைப் புரட்டி அக்குடும்பத்தைத் தேடுவார். கண்டால், பெற்றோர் பெயர், அவர் மணம்புரிந்த ஆண்டு, அன்று வீட்டிலிருந்த மக்களின் பெயரும் வயதும் முதலியவற்றைப் படிவத்தில் குறிப்பார். காணாவிட்டால் காணவில்லை என்று எழுதுவார். அத்துடன் அப்படிவத்தின் பயன் முடிந்தது. உலகத்திலே இதனைவிட அற்பமான காகிதம் இருத்தல் அரிது. ஆயினும் 1922-ஆம் ஆண்டில் மூல ஏடுகள் எரிந்தபின், அவ்வேடுகளில் இருந்த சொற்களைத் தாங்கி நிற்பவை இப்படிவங்களே. இன்று அயர்லாந்தின் தேசிய ஆவணக்காப்பகத்தில் அவை ஆயிரக்கணக்கில் உள்ளன. பஞ்சத்தில் மடிந்த ஒரு தம்பியின் பெயர், தன் வயதை மெய்ப்பிக்க விரும்பிய அக்காளின் விண்ணப்பத்திலே தங்கியிருக்கின்றது. காணவில்லை என்று திரும்பிய படிவங்களும் பயனற்றவை அல்ல. கிழவியொருத்தி தன் நினைவிலிருந்து சொன்ன பெற்றோர் பெயரும் ஊர்ப்பெயரும் அவற்றில் உள்ளன அல்லவா?

இங்ஙனம் எரிந்தவற்றின் சாயல் வேறு வழிகளிலும் எஞ்சியதுண்டு. மரண சாசனங்களை எடுத்துக்கொள்வோம். சர் வில்லியம் பெத்தம் என்பார் அயர்லாந்தின் குலமரபு அதிகாரி; 1853-இல் இறந்தவர். 1800-ஆம் ஆண்டு வரையுள்ள முதன்மை நீதிமன்றத்துச் சாசனங்களைப் படித்து, குடும்ப உறவுகளை மட்டும் சிறு குறிப்புகளாக எழுதிக்கொண்டார். குலமரபு வரைதலே அவர் தொழிலாதலின் அக்குறிப்புகள் அவர்க்கு வேண்டியிருந்தன. சாசனங்கள் எரிந்தன, குறிப்புகள் நிற்கின்றன. நிலப்படங்களின் கதை இன்னும் விந்தையானது. சர் வில்லியம் பெட்டி என்பவர் 1656-ஆம் ஆண்டு தொடங்கி, பறிமுதலான நிலங்களைப் பகிர்தற்பொருட்டு நாட்டின் பெரும்பகுதியை அளந்து படம் வரைவித்தார். அரசாங்கத்திடமிருந்த படங்களுள் ஒரு பகுதி 1711-ஆம் ஆண்டின் தீயிலும் மற்றவை 1922-ஆம் ஆண்டின் தீயிலும் போயின. ஆனால் 1707-ஆம் ஆண்டில் ஒரு தொகுதி கப்பலிற் செல்லும்போது பிரெஞ்சுக்காரர் கடலில் மறித்துப் பிடித்துக்கொண்டனர். அது பாரிஸ் நகரத் தேசிய நூல்நிலையத்தை அடைந்து இன்றளவும் பழுதின்றி இருக்கின்றது. அயர்லாந்தின் நிலத்தைப் பறித்ததற்குச் சான்றான படம், கடலிற் பறிபோனதால் பிழைத்தது!

உதிரித்தாள்களுள் தலைசிறந்ததென்று அந்நாட்டார் போற்றுவது 1916-ஆம் ஆண்டின் குடியரசு அறிக்கை. ஏப்ரல் மாதம் 24-ஆம் தேதி, உயிர்த்தெழுதல் திருநாளுக்கு மறுநாள், டப்ளின் தலைமை அஞ்சல் நிலையத்தின் வாயிலில் பாட்ரிக் பியர்ஸ் இதனைப் படித்தார். இதனை அச்சிட்ட கதையே எமக்குச் சுவையானது. முதல்நாளிரவு தொழிலாளர் சங்கக் கட்டடமாகிய லிபர்ட்டி ஹாலில் கிறிஸ்டோபர் பிரேடி, மைக்கேல் மல்லாய், லியம் ஓபிரையன் என்னும் மூவர் பழைய இயந்திரமொன்றில் இதனை அச்சிட்டனர். எழுத்துகள் போதவில்லை. ஆதலின் மேற்பாதியைக் கோத்து அச்சிட்டு, அவ்வெழுத்துகளையே கலைத்துக் கீழ்ப்பாதியைக் கோத்து, அதே தாள்களில் மறுபடியும் அச்சிட்டனர். ஆங்கிலத்தின் ‘இ’ எழுத்துக் குறைவுபடவே வேறு அச்சினத்தைச் சேர்ந்த எழுத்துகளை இடையிடையே சேர்த்தனர். பெரிய எழுத்தொன்றை, ‘எஃப்’ எழுத்தின் அடியில் அரக்கு ஒட்டி ‘இ’ ஆக்கினராம். இக்குறைகளே இன்று உண்மைப் படியைப் போலியினின்று பிரித்தறிய உதவும் அடையாளங்கள். 2,500 படிகள் அச்சிட எண்ணியிருந்தும் ஏறக்குறைய 1,000 படிகளே வெளிவந்தன. சுவரில் ஒட்டியவை கிழிந்தன, மழையில் நனைந்தன. அதன் அடியிற் பெயர் பொறித்த எழுவரும் மே மாதம் 12-ஆம் தேதிக்குள் சுட்டுக்கொல்லப்பட்டனர். எஞ்சிய சிலபல படிகள் இன்று ஏலத்தில் இலட்சக்கணக்கான பணம் பெறுகின்றன.

அச்சிட்டோரின் வேலையை இவ்வளவு நுணுக்கமாக நாம் அறிவதும் ஓர் ஆவணத் தொகுதியாலேயே. 1947 முதல் 1957 வரை அயர்லாந்து அரசாங்கம், விடுதலைப் போரில் ஈடுபட்டோரிடம் வாய்மொழிகளைக் கேட்டு எழுதுவித்தது. அவ்வாறு சேர்ந்தவை 1,773. சான்று பகர்ந்தோர் உயிரோடிருக்கும்வரை அவற்றை வெளியிடலாகாது என்று பூட்டிவைத்து, 2003-ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்குத் திறந்தனர். மனம் திறந்து பேசவேண்டுமாயின் உடனே வெளியாகாதென்னும் உறுதி வேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. இம்முறை தக்கதென்றே எமக்குத் தோன்றுகிறது. ஆயினும் முப்பது, நாற்பது வயதில் அவற்றைப் படித்திருக்கவேண்டிய ஒரு தலைமுறை, படியாமலே மூத்துவிட்டது என்பதும் மறக்கத்தக்கதன்று.

எரிந்த களஞ்சியத்தின் பின்வரலாற்றையும் கூறவேண்டும். 1928-ஆம் ஆண்டில் ஐரிஷ் கையெழுத்துப் பிரதிகள் ஆணைக்குழு ஏற்பட்டு, எங்கெங்கோ கிடந்த நகல்களைத் தேடிப் பதிப்பிக்கத் தொடங்கிற்று. தீ நிகழ்ந்து நூறாண்டு நிறைந்த 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டப்ளின் டிரினிட்டிக் கல்லூரியாரும் அயர்லாந்து, பிரிட்டன் ஆவணக்காப்பகத்தாரும் பிறரும் கூடி, பழைய களஞ்சியத்தைக் கணிப்பொறியில் மீண்டும் எழுப்பினர். ஹெர்பர்ட் வுட்டின் வழிகாட்டியே அதற்கு அடிப்படை. எரிந்த ஒவ்வொரு ஏட்டிற்கும் உரிய இடத்தில், உலகின் எம்மூலையிலேனும் அதன் நகலோ சுருக்கமோ மேற்கோளோ கிடைத்தால் அதனை வைக்கின்றனர். கிடைக்காத இடம் வெற்றிடமாகவே இருக்கின்றது. வெற்றிடத்தை மறைக்காமை அவர்கள் நேர்மைக்குச் சான்று.

இவையன்றி, 1922-ஆம் ஆண்டிலேயே இடிபாடுகளைக் கிளறி எடுத்த தாள்களும் தோல்களும் 25,000-க்கு மேற்பட்டவை உண்டு. அன்று அவற்றைப் பழுப்புத் தாளிற் பொதிந்து, கயிறிட்டுக் கட்டிவைத்தனர். அவற்றைப் பிரித்துப் பார்க்கவும் அஞ்சியதால் பொதிகள் பல்லாண்டுகள் அப்படியே இருந்தன. அண்மைக்காலத்தில் ஆவணக்காப்பகத்தார் அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்து ஆராய்ந்தனர். காகிதம் விளிம்பு கருகியிருந்தது. நெருங்கக் கட்டிய ஏடுகளில் காற்றுப் புகாமையால் உட்பக்கங்கள் பிழைத்திருந்தன. விலங்கின் தோலில் எழுதியவையோ வெப்பத்தினால் சுருங்கி முறுக்குண்டு கிடந்தன. ஈரக்காற்றுப் படும்படி வைத்து, மெல்ல மெல்ல நெகிழச் செய்து, விரித்துப் படிக்கின்றனர். எழுத்துகளும் தோலோடு சேர்ந்து சுருங்கியிருக்கின்றனவேயன்றி, பல இடங்களில் மை மறையவில்லை.